தம்பி தந்த பென்டிரைவும் மண்ணரை வாத்தும்

மண்ணரை, திருப்பூர்.
சித்திரை மாதம், வெள்ளிக்கிழமை.

பெங்களூரில் பெரிய கம்பெனியில் பெரிய வேலை பார்த்துக்கொண்டு, அதற்கு நடுவிலும் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நல்வழி காட்டிவிட்டுப் போன அன்புத் தம்பி அருள்செல்வனுக்கு, உன் அக்கா சாரதாமணி மனமார வாழ்த்தி எழுதுவது.

நீயும் ஜெயபாரதியும் குழந்தைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் முருகனிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். நடுவில் ஒரு வாரம் மட்டும் வேறு மாதிரிச் சொன்னேன். அதை அவர் காதில் வாங்கியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இங்கே நானும் உன் மச்சானும் உடம்பளவில் சௌக்கியம். கம்ப்யூட்டர் எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை. கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே என் போனை எடுக்காமல் இருக்கிறாய் என்றும் தெரியும். தப்பித் தவறி எடுத்தாலும் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்கிறாய். உங்கள் கம்பெனியில் மீட்டிங் இல்லாத நேரத்தில் என்னதான் செய்வீர்கள்? வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால்தான் ஸ்பீடு போஸ்ட். கடிதத்தை மியூட்டில் போட முடியாது பார். கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும், வாங்கினால் படிக்க வேண்டும்.

தைப்பூசத்துக்கு நீ வந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். அக்கா வீட்டுக்கு வருகிற தம்பி சேலை எடுத்து வருவான், இல்லாவிட்டால் ஒரு சீப்பு வாழைப்பழமாவது வாங்கி வருவான். நீ வெறுங்கையோடு வந்தாய். வெறுங்கையோடு வந்தவன் அப்படியே போயிருந்தால் தங்கமான பிள்ளை என்று இந்தத் தெரு முழுக்கச் சொல்லியிருப்பேன். நீ என்ன செய்தாய்? சாப்பிட்டு முடித்ததும் என் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாய். இந்தக் கம்ப்யூட்டரில் இனி விண்டோஸ் பத்துக்கு அப்டேட் வராது, பதினொன்று போட இதற்குத் தகுதி இல்லை என்று திரையில் ஒரு அறிவிப்பு நின்றிருந்தது. அது மாதக்கணக்காக அங்கேதான் இருந்தது. நான் அதை மூடிவிட்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என்னைத் தகுதி இல்லை என்று சொல்லவில்லை, கம்ப்யூட்டரைத்தான் சொன்னது, எனக்கென்ன வந்தது? ஆனால் நீ பதறிப்போய், பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து உன் மச்சான் கையில் வைத்து, "இதுக்குள்ள ஏழெட்டு ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்குதுங்க மச்சான், எல்லாமே ஃப்ரீ, ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்து எது நல்லா ஓடுதோ அதை வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, பொழுதோடு பஸ் ஏறிவிட்டாய். தீக்குச்சியைக் கிழித்துப் பஞ்சு மூட்டை மேல் வைத்துவிட்டுப் போகிறவன்கூட இரண்டு எட்டு நடந்த பிறகு ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான்.

அதுவும் யாரிடம் கொடுத்தாய்? "ஒவ்வொன்றாகப் பார்த்து எது நல்லது என்று சொல்லுங்கள்" என்ற வார்த்தையை, ஆயுள் முழுக்க எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணியில் குறை பார்க்கிற க்யூ.சி.யாக இருந்து போன வருஷம் ரிட்டயர் ஆன மனிதரிடம் சொன்னாய். கம்பெனி அவரை அனுப்பி வைத்ததே தவிர, அவருக்குள் இருந்த க்யூ.சி.யை அனுப்பவில்லை. பனியனில் ஓட்டை இருக்கிற இடத்தைக் காட்ட ஒட்டுவார்களே, சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர், அதில் ரோல் ரோலாக வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். என் தோசையில் ஓரம் முறிந்திருந்தால் அங்கே ஒரு அம்பு. சுவரில் கீறல் இருந்தால் ஒரு அம்பு. ஒரு நாள் சாம்பாரை ஊற்றியதும் கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "நேத்து சாம்பாருக்கும் இன்னைக்கி சாம்பாருக்கும் ஷேடு மாறுது அம்மிணி" என்றார். நான் கரண்டியைக் காட்டியதும் ஷேடு சரியாகிவிட்டது. இப்படிப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு நீ ஏழெட்டு ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கொடுத்துவிட்டுப் போனாய்.

மறுநாள் காலையிலேயே இன்ஸ்பெக்‌ஷன் ஆரம்பம். முதலில் எதையும் கம்ப்யூட்டருக்குள் போடாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாமாம். அது சாம்பிள் பீஸ் மாதிரி என்றார். சாம்பிள் என்றதும் நானும் சும்மா இருந்துவிட்டேன். உபுண்டு என்று ஒன்று போட்டார். 'நீ இருப்பதால் நான் இருக்கிறேன்' என்று அதற்கு ஆப்பிரிக்காவில் அர்த்தம் சொல்வார்களாம். இந்த வீட்டில் அது புதுச் செய்தி இல்லை என்றேன். அடுத்தது மின்ட். அடுப்படியில் இருந்த என்னிடம் வந்து, "புதினா ரொம்ப நல்லாருக்குது அம்மிணி" என்றார். அன்றைக்கு நான் அரைத்தது தேங்காய்ச் சட்னி. அதற்கும் அடுத்தது ஃபெடோரா. அது ஒரு வகைத் தொப்பியின் பெயராம். எனக்குக் குல்லா போடுவதற்கென்றே ஒருவன் உட்கார்ந்து பெயர் வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் பூராவும் உட்கார்ந்து எழுத்தைப் பெரிதாக்கி, பழனி முருகன் படத்தைப் பின்னால் வைத்து, எங்கள் பெண் சத்யப்பிரியா கல்யாணப் போட்டோவை முன்னால் வைத்து, ஜோடித்து முடித்தார். அன்றைக்குப் பார்த்து மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் போனது. கரண்ட் வந்து திரும்பப் போட்டால் முருகனும் இல்லை, மாப்பிள்ளை பெண்ணும் இல்லை. சாம்பிளில் செய்தது எதுவும் நிற்காது என்று நீ சொல்லவில்லையாம். சொல்ல உனக்கு எங்கே நேரம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே.

சாம்பிள் நிற்காததால் நேரே புரொடக்‌ஷனுக்குப் போய்விட்டார். என்னைக் கேட்டுவிட்டுத்தான் போனார், அதையும் சொல்லிவிட வேண்டும். என் பஞ்சிங் சாஃப்ட்வேர் விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்று உனக்குத் தெரியும். ஜெயபாரதி ஒரு தடவை என்னிடம், "பஞ்சிங்னா பாக்ஸிங்குங்களா அண்ணி?" என்று கேட்டாள். குழந்தைச் சட்டையில் வருகிற வாத்துக்கும் முயலுக்கும் எந்தத் தையல் எங்கே விழ வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக வைத்து, எம்பிராய்டரி மெஷினுக்குப் புரிகிற ஃபைலாக மாற்றிக் கொடுக்கிற வேலை என்று அவளுக்குச் சொல்லிவிடு. அதுதான் எனக்குச் சோறு. அதனால் விண்டோஸில் கை வைக்கக் கூடாது என்று சொன்னேன். அதற்கு அவர், "ரெண்டும் இருக்கட்டும் அம்மிணி, கம்ப்யூட்டரப் போட்டதும் எது வேணும்னு அதுவே கேக்கும். நம்ம முருகனுக்கே வள்ளியும் தெய்வானையும் இல்லீங்களா?" என்றார். "முருகன் ரெண்டு பேரையும் வெச்சுப் பொழைச்சாருங்க. நீங்க ஒருத்திய வெச்சே தடுமாறுறீங்க" என்றேன். காதில் விழாத மாதிரிப் போய்ப் புதினாவைப் போட்டுவிட்டார்.

அன்றிலிருந்து கம்ப்யூட்டரைப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். அதில் நான் விண்டோஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பால் பொங்குகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வருவதற்குள் அதுவே முடிவெடுத்துப் புதினாவுக்குள் போய்விடும். திரும்ப அணைத்து, திரும்பப் போட்டு, இந்தத் தடவை பாலை விட்டுவிட்டு இதற்குக் காவல் இருக்க வேண்டும். அதோடு விட்டதா? விண்டோஸுக்குள் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கிறது. உச்சி வெயிலில் வேலை பார்த்துக்கொண்டிருப்பேன், கம்ப்யூட்டர் விடியற்காலை என்று காட்டும். இதென்ன கூத்து என்று கேட்டால், "ரெண்டும் ஒரே கடிகாரத்த வேற வேற மாதிரிப் படிக்குதாமா. இது லண்டன் நேரம் அம்மிணி. உங்க பையர் லண்டன்காரன்தானுங்களே, தோதாப் போச்சு" என்கிறார். சட்டை வாங்குகிற பையருக்குத் தோது, எனக்கு? பெருமாநல்லூர் கம்பெனியில் பையர் ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் பெண், என் மெயிலில் விழுந்த நேரத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, விடியக்காலம் எந்திரிச்சு வேல பாக்கறீங்களா, உடம்பப் பாத்துக்கோங்க" என்று பரிதாபப்பட்டாள். சரி, இருக்கட்டும் என்று நானும் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு ஐயாவுக்குத் தமிழ்ப் பற்று வந்தது. லினக்ஸில் எல்லாவற்றையும் தமிழில் மாற்றலாம் என்று கண்டுபிடித்து, மாற்றியும் விட்டார். நான் தமிழுக்கு எதிரி இல்லை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுளுக்கு நான்தான் முதல் என்று உனக்கே தெரியும். ஆனால் ஃபைல், ஃபோல்டர், ஹார்டு டிஸ்க் என்று இத்தனை வருஷம் புழங்கிவிட்டு, கோப்பு எது, அடைவு எது, வட்டு எது என்று தடவிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. ஒரு நாள் மின்சாரக் கட்டணம் கட்டுவதற்காக அதில் உட்கார்ந்தேன். பாதியில் எல்லாம் நின்றுபோய், நடுத் திரையில் ஒரு பெட்டி வந்தது. 'காத்திரு' என்று ஒரு பட்டன், 'வெளியேறு' என்று ஒரு பட்டன். உன் மச்சானைக் கூப்பிட்டு, "ஏனுங்க, யாரை வெளியேறச் சொல்லுது, என்னையா உங்களையா?" என்று கேட்டேன். "காத்திருங்க அம்மிணி" என்றார். இருபத்தேழு வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

ஆண்ட்ராய்டைக் கம்ப்யூட்டரில் போட்ட கதையை எழுதாமல் விட்டால் நீ வருத்தப்படுவாய். போனில் இருக்கிறதே, அதேதான், கம்ப்யூட்டரிலும் ஓடுமாம். ஓடியது. ஆனால் சில ஆப்பைத் திறந்தால் திரை மொத்தமும் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. அவருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. மானிட்டரைத் தூக்கி நட்டமாக நிறுத்தி, விழாமல் இருக்க இரண்டு பக்கமும் துணி பண்டலை முட்டுக் கொடுத்து வைத்துவிட்டார். அடுத்த ஆப் நேராகத் திறந்தது. இப்போது மானிட்டர் தப்பாக நிற்கிறது. அந்த நேரம் பார்த்து நாகஜோதி உள்ளே வந்தாள். தெரு முனையில் ஆறு எம்பிராய்டரி மெஷின் போட்டிருக்கிறாளே, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், என் டிசைன் எல்லாம் அவளிடம்தான் முதலில் ஓடும். நாங்கள் இரண்டு பேரும் கழுத்தை ஒரே பக்கம் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னக்கா, ரெண்டு வேருக்கும் ஒரே நாள்ல சுளுக்கா?" என்றாள்.

அவளோடு முடிந்தால் சரி. உண்மையான மானக்கேடு அதற்கடுத்த வாரம். லினக்ஸிலேயே என் பஞ்சிங் சாஃப்ட்வேரை ஓட்டிவிட்டால் விண்டோஸே வேண்டாம் என்று உன் மச்சானுக்கு ஒரு வெறி. அதற்கு நீ போனில் ஒரு வழி சொன்னாய். விண்டோஸ் சாமான்களை லினக்ஸில் ஓட வைக்கிற ஒன்று இருக்கிறது, அதன் பெயர் வைன் என்றாய். உலகத்தில் எத்தனை பெயர் இருக்கிறது தம்பி! பழனிக்கு மாலை போட்டு நடந்துவிட்டு வந்த மனிதர், நெற்றியில் திருநீறோடு வாசலில் நின்றுகொண்டு, உனக்குப் போன் போட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரிப் பேசுகிறார்: "மாப்ளே, காலையிலேயே வைன் போட்டுட்டேன்! ஒண்ணும் ஏறமாட்டேங்குது! பழசு போட்டா ஏறும்ங்கறீங்களா? செரி, அதையும் போட்டுப் பாக்கறேன்! உங்கக்காளுக்கு இன்னும் தெரியாது, ஏறுனப்பறம் சொல்லிக்கலாம்!" நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே வருவதற்குள் நாகஜோதி மூச்சு வாங்க வந்துவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவான குரலில், "யக்கா, வெசனப்படாதீக. அண்ணாச்சி வேலைய விட்டதுல மனசு ஒடஞ்சிட்டாகபோல. எங்க ஊர்ல இதுக்கு ஒரு கோயில்ல கயிறு கட்டுவாக, ஒரே கயிறுதான், நின்னுபோயிரும்" என்கிறாள். அதை அவளுக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத்தான் கயிறு தேவைப்பட்டது. விளக்கிச் சொன்னதையும் அவள் நம்பவில்லை என்பது, அடுத்த நாள் அவள் கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாயிலிருந்து தெரிந்தது.

வைனிலும் சாஃப்ட்வேர் ஏறவில்லை. அது திறக்க வேண்டுமானால் டாங்கிள் என்று ஒரு சின்னச் சாவி செருக வேண்டும். அந்தச் சாவியை விண்டோஸ் மட்டும்தான் மதித்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். உன் மச்சான், "புதினாவ எடுத்துட்டு வேற ஒண்ணு போட்டுப் பாக்கறேன், அதுல ஏறும்" என்று உட்கார்ந்தார். இங்கேதான் தம்பி, நான் சிரித்துக்கொண்டு எழுதுவது நிற்கிறது.

லண்டன் பையருக்கு ஒரு வாத்து. பிறந்த குழந்தைக்குப் போடுகிற ரோம்பர் உடுப்பில், நெஞ்சுக்கு நேரே, மஞ்சள் வாத்து ஒன்று குடை பிடித்துக்கொண்டு நிற்கிறது. சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் குடைக் கம்பி ஒவ்வொன்றும் தனித் தையல். தையல் நெருக்கமாக விழுந்தால் துணி சுருங்கும், விலகி விழுந்தால் ஓட்டை தெரியும். குழந்தை உடம்பில் படுகிற துணி என்பதால் உள்பக்கம் முள் மாதிரி நிற்கக் கூடாது. ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டி முடித்து வைத்திருந்தேன். மறுநாள் காலையில் நாகஜோதி மெஷினில் ஏற்றி சாம்பிள் எடுத்துப் பெருமாநல்லூருக்கு அனுப்ப வேண்டும். இந்த ஆர்டர் வந்தால் நாகஜோதி புதிதாக எடுத்த இரண்டு மெஷினுக்கும் வருஷம் பூராவும் வேலை இருக்கும். அவள் என்னை நம்பித்தான் அதை எடுத்தாள். முந்தின நாள் காலையில் நான் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். உன் மச்சான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திரையில் புதிதாக ஏதோ ஒரு மலையும் ஆறும் படமாக இருந்தது. "எங்கீங்க என்ற விண்டோஸு?" என்றேன். மவுஸை நகர்த்தி நேராக வைத்தார். "எங்கீங்க என்ற டிசைன் எல்லாம்?" பிறகு மெதுவாகச் சொன்னார்: "'வட்டை அழித்து நிறுவு'ன்னு கேட்டுதுங்க அம்மிணி. வட்டுன்னா சிடின்னு நெனச்சுப்போட்டேன். நம்மகிட்டத்தான் சிடியே இல்லையே, அப்பறம் எதைப் போயி அழிக்கப் போகுதுன்னு அமுக்கிப்போட்டேன்."

பதினாறு வருஷத்து டிசைன். சத்யப்பிரியா பள்ளிக்கூடம் போன பிறகு, அவளைக் கூட்டி வருவதற்குள், ஒவ்வொரு பிற்பகலாக உட்கார்ந்து வைத்த தையல்கள். நான் திட்டவில்லை. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குக்கர் சத்தத்தில் அழுதேன். வெளியே அவர் உனக்குப் போன் செய்வது கேட்டது. நீ ஏதோ மீட்பு சாஃப்ட்வேர் சொன்னாய். அது ஓடி முடித்து எதை மீட்டுக் கொடுத்தது என்று கேட்டாயா? பாதித் தலையோடு இருக்கிற கல்யாணப் போட்டோக்கள், ஒரு கேஸ் பில், நீ எப்போதோ அனுப்பிய பொங்கல் வாழ்த்து. வாத்து வரவில்லை. ஒரு வாத்துக் கால்கூட வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு டாங்கிளைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு நாகஜோதி யூனிட்டுக்கு நடந்தேன். அங்கே ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, பில் போடுவதற்கு. அதே பஞ்சிங் சாஃப்ட்வேரை அதில் ஏற்றி, டாங்கிளைச் செருகி உட்கார்ந்தேன். மூலை முடுக்கெல்லாம் நூல் பஞ்சு, பக்கத்தில் ஆறு மெஷினும் கடகடவென்று ஓடுகிறது, பீகார்ப் பையன்கள் அவர்கள் பாட்டை வைத்திருக்கிறார்கள். வாத்தை முதல் தையலிலிருந்து திரும்ப வைத்தேன். உன் மச்சான் டிபன் கேரியரோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே வாங்க என்று நானும் சொல்லவில்லை, அவரும் வரவில்லை. நாகஜோதிதான், "அண்ணாச்சி, மசமசன்னு நிக்காதீக, ஒரு ஸ்டூலப் போட்டு ஒக்காருங்க" என்று உட்கார வைத்தாள். ஒரு வாரம் பிடித்த வாத்து அன்று இருட்டுவதற்குள் முடிந்தது. கோபத்தில் கை வேகமாக ஓடும் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. மெஷினில் ஏற்றினோம். நூல் அறுபடவில்லை, துணி சுருங்கவில்லை. நாகஜோதி துணியை எடுத்து உன் மச்சான் கையில் கொடுத்து, "பாருங்க அண்ணாச்சி, நீங்கதான க்யூசி" என்றாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார், உள்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். சட்டைப் பையில் அம்புக்குறி ஸ்டிக்கர் இருந்தது, கையே போகவில்லை. "பாஸ்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சாம்பிளும் பாஸ் ஆயிற்று, ஆர்டரும் வந்தது. அது உன் பென்டிரைவால் வந்தது என்று நீ நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மற்ற டிசைன்கள்? அதற்குத்தான் உன் மச்சான் இப்போது ஸ்கூட்டரில் ஊர் சுற்றுகிறார். என் டிசைன் ஓடிய மெஷின்களில் ஃபைல் இன்னும் தங்கியிருக்குமாம். தைப்பதற்கு ஆகும், திருத்த வராது. இருந்தாலும் இல்லாததற்கு இருப்பது மேல் என்று கிளம்பிவிட்டார். மறுநாளே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "எந்த யூனிட்டுக்கு மொதல்ல போகட்டுமுங்க அம்மிணி?" என்று கேட்டார். அன்றிலிருந்து தினமும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார், சாயங்காலம் ஒரு கைப்பிடி யானையும் பட்டாம்பூச்சியுமாகத் திரும்பி வருகிறார். பெருமாநல்லூரில் யூனிட் வைத்திருக்கிற குமாரசாமி அண்ணன் இவரை உட்கார வைத்து, "இந்தக் கரடி உங்க ஊட்டு டிசைனுங்களா? எங்கூர்ல இதுக்குப் பேரே நூலறுக்காத கரடிங்க. இத ஓட்டுனா ஆளு டீ குடிக்கப் போயிட்டு வரலாமுங்க" என்றாராம். வந்து அதை என்னிடம் சொல்லிவிட்டு, "அந்தக் கரடிய நான் கம்பெனியில பாஸ் பண்ணியிருக்கேன் அம்மிணி. நீங்க போட்டதுன்னு எனக்குத் தெரியாது" என்றார். "நீங்க கேக்கலீங்க" என்றேன். தட்டைப் பார்த்து இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு சாம்பார் நன்றாக இருக்கிறது என்றார். அன்றைக்கு வைத்தது ரசம்.

ஆக, நீ ஆசைப்பட்ட ஒப்பீட்டின் முடிவை எழுதிவிடுகிறேன், உங்கள் கம்பெனி மீட்டிங்கில் படித்துக் காட்டு. எனக்கு விண்டோஸ் திரும்பப் போட்டாயிற்று. இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு அதில் பஞ்சிங் மட்டும். உன் மச்சானுக்குப் பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றைத் தனியாக மாட்டி அதில் புதினா. "எல்லாத்துலயும் ஒரு டேமேஜ் இருக்குது, ஆனா எதையும் ரிஜெக்ட் பண்ண முடியாது" என்பது அவருடைய ஃபைனல் ரிப்போர்ட். என்னுடைய ரிப்போர்ட் சுருக்கமானது: தம்பி ரிஜெக்ட். இனிமேல் இந்த வீட்டுக்கு வரும்போது பழம் வாங்கி வா, பூ வாங்கி வா, ஒன்றும் இல்லாமல்கூட வா. ஆபரேட்டிங் சிஸ்டம் என்று ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வந்தால் சோறு கிடையாது. உன் மச்சானும் இனிமேல் புதிதாக ஒன்றையும் போட்டுப் பார்ப்பதில்லை என்று முருகன் படத்துக்கு முன்னால் சொல்லியிருக்கிறார். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

ஜெயபாரதியிடம் விசாரித்ததாகச் சொல். குழந்தைகள் வெயிலில் அலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குலதெய்வம் உங்கள் நாலு பேருக்கும் துணை நிற்கட்டும். உனக்குக் கொஞ்சம் புத்தியும் சேர்த்துக் கொடுக்கட்டும்.

மாறாத பாசத்தோடும் தீராத கோபத்தோடும்,
உன் அக்கா
சாரதாமணி

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் உன் மச்சான் படித்து, இரண்டு ஒற்றுப்பிழை கண்டுபிடித்து, 'பாஸ்' சொல்லிவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். அதனால் அவசரமாக இது. வாத்தும் தீபாவளிக்குப் பிறகு வைத்த ஒன்றிரண்டும்தான் தம்பி உண்மையிலேயே போயின. மற்ற டிசைன் மொத்தமும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. தீபாவளிக்கு வந்த சத்யப்பிரியா எல்லாவற்றையும் ஒரு குட்டி ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். எனக்கு அது நினைவே இல்லை. சமையலறையில் அழுதபோது சத்தியமாக நினைவில்லை. மறுநாள் காலையில் ஒரு கல்யாணத்துக்காகச் சேலை எடுக்கும்போது கையில் பட்டது. சொல்லிவிடலாம் என்று வெளியே ஓடி வந்தால், அவர் ஹெல்மெட்டோடு கேட்டில் நின்றுகொண்டு எந்த யூனிட்டுக்கு முதலில் போகட்டும் என்று கேட்கிறார். ரிட்டயர் ஆன பிறகு காலை நேரத்தில் அவர் முகம் அப்படித் தெளிவாக இருந்து நான் பார்க்கவே இல்லை. ஹார்டு டிஸ்க்கை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "மொதல்ல தூரமா இருக்கறதப் பாருங்க, பெருமாநல்லூரு" என்றேன். இப்போது குமாரசாமி அண்ணன் யூனிட்டில் வாரம் மூன்று நாள் பீஸ் செக் பண்ண வரச் சொல்லியிருக்கிறார்களாம். ராத்திரி நன்றாகத் தூங்குகிறார். நீ வாயைத் திறக்காதே. இன்னும் அவிநாசிபாளையம் பக்கம் நாலைந்து யூனிட்தான் பாக்கி. அது முடிவதற்குள் புதிதாக வேறு ஆபரேட்டிங் சிஸ்டம் ஏதாவது வந்திருந்தால், கொஞ்சம் கஷ்டமானதாகப் பார்த்து, நீயாகவே அனுப்புகிற மாதிரி அவர் பெயருக்கு அனுப்பி வை. சாமிக்குச் சொன்ன வாக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.